தோற்றவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய சிலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். 160 வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன சண்டைக்காக இன்னும் சிலையை இறக்குவதும் பெயரை மாற்றுவதுமாக இருக்கிறார்களே, பழசைக் கிளறாமல் பிழைப்பைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். அந்தப் போரில் நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புக்குத் தலைநகராக இருந்த, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில்தான் நான் 2002-லிருந்து இருக்கிறேன். வந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதில் எழுதாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-ல் அம்மா ஆறு மாதம் எங்களோடு வந்து இருந்தார். சாயங்காலம் மான்யுமென்ட் அவென்யூவில் நடக்கப் போவோம். அகலமான சாலை, நடுவில் புல்தரை, இரண்டு பக்கமும் மரங்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு சிலை. ராபர்ட் லீயின் சிலைதான் எல்லாவற்றிலும் பெரியது. பீடத்தோடு சேர்த்தால் சுமார் 60 அடி, உச்சியில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரு இவரு, இந்த ஊர் ராஜாவா?" என்றார்.

"இல்லம்மா, தளபதி. உள்நாட்டுச் சண்டையில இந்தப் பக்கத்துப் படையை நடத்தினவர்."

"ஜெயிச்சாரா?"

"இல்ல. சரணடைஞ்சுட்டார்."

அம்மா நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தோத்தவருக்கா இவ்வளவு பெரிய சிலை? அப்ப ஜெயிச்சவரு எங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு வருடம் அந்தச் சாலையில் காரோட்டியிருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

ஜெயித்தவருக்கும் இந்த ஊரில் ஒரு சிலை உண்டு, நான்தான் அம்மாவுக்குக் காட்டவில்லை. ஆற்றங்கரையில் பழைய ட்ரெடிகர் இரும்பாலை வளாகத்தில், லிங்கனும் அவருடைய கடைசி மகனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். 1865 ஏப்ரல் 4-ம் தேதி, ஊர் எரிந்து புகை அடங்காத நேரத்தில், மகனைக் கூட்டிக்கொண்டு லிங்கன் இந்தத் தெருக்களில் நடந்ததன் நினைவாக வைத்தது. வைத்த வருடம் 2003. நடந்தவர் நடந்து 138 வருடம் கழித்து, உயரமான பீடம் எதுவும் இல்லாமல், ஆள் உயரத்தில் ஒரு பெஞ்ச். அதற்கே எதிர்ப்பு கிளம்பியது. திறப்பு விழா அன்று ஒரு சின்ன விமானம் வானத்தில் பதாகையை இழுத்துக்கொண்டு சுற்றியது. கொடுங்கோலருக்கு எப்போதும் இதே கதி என்று, லிங்கனைச் சுட்டவன் சுட்டதும் கத்திய லத்தீன் வாசகம் அதில் எழுதியிருந்தது. வர்ஜீனியா மாநில முத்திரையிலும் அதே வாசகம்தான் இருக்கிறது என்பதால் அதை யாரும் குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் இந்த ஊருக்கு வந்து அப்போது ஒரு வருடம். ஏதோ உள்ளூர்த் தகராறு என்று விட்டுவிட்டேன்.

நான் கணக்காளர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். அம்மா ஊருக்குப் போன பிறகு இந்தச் சிலைகளின் தேதிகளை எடுத்துப் பார்த்தேன். போர் முடிந்தது 1865. லீ சிலை திறந்தது 1890 மே 29. கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், தளபதி ஸ்டூவர்ட் இருவருக்கும் 1907. இன்னொரு தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனுக்கு 1919. கடற்படை அதிகாரி மோரிக்கு 1929. மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் உயிரோடு இருந்தபோது துக்கத்தில் எழுப்பியவை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லீயே 1869-ல் ஒரு கடிதத்தில், போரின் புண்களை ஆறவிடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அவர் இறந்து இருபது வருடம் கழித்து அவரைக் குதிரையில் ஏற்றினார்கள்.

சரி, அந்த வருடங்களில் வேறென்ன நடந்தது என்று பார்த்தால், 1902-ல் வர்ஜீனியா புதிய அரசமைப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஓட்டுப் போட வேண்டுமானால் வருடத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி, அதுவும் மூன்று வருடத்துக்கு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். போரில் விடுதலை பெற்று, 1870-ல் அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாவது திருத்தத்தால் ஓட்டுரிமை பெற்ற கறுப்பின ஆண்களை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்துவதற்காகவே செய்த ஏற்பாடு அது. அந்தத் தலைவரி உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது 1966-ல். ஓட்டு பறிபோன காலமும் சிலைகள் எழுந்த காலமும் ஒன்றுதான். அந்த வழியாக வேலைக்கு நடந்து போன கறுப்பினக் கூலிக்காரருக்கு அந்தச் சிலை என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போரில் தோற்றது நாங்கள்தான், ஆனாலும் ஆளப்போவது நாங்கள்தான் என்று சொல்லியிருக்கும். அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

போர் எதற்காக நடந்தது என்பதிலேயே சண்டை இருக்கிறது என்று உங்கள் வாசகர் எழுதியிருந்தார், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம் என்றும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரிந்து போனவர்கள் ஏன் பிரிகிறோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலம் 1861 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாவது வாக்கியமே, எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகத்திலேயே மிகப் பெரிய பொருள் நலன் அதுதான் என்கிறது. அந்த வருடம் மார்ச் 21-ல் சவானாவில் பேசிய கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். இதில் ஒளிவுமறைவே இல்லை. தோற்ற பிறகுதான் காரணம் மாறியது. அதே ஸ்டீபன்ஸ் பிறகு மாநில உரிமைக்காக நடந்த போர் என்று இரண்டு தொகுதி எழுதினார். அந்த இரண்டாவது கதைதான் பள்ளிக்கூடத்துக்குள் போனது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர், நல்ல மனிதர். என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்த குளிர்காலத்தில் எங்கள் வாசல் பனியை ஒரு நாள் விடாமல் அவர்தான் வாரித் தள்ளினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 19 வயதில் கோல்ட் ஹார்பர் சண்டையில் செத்தவர். இந்த ஊரிலேயே இருக்கும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அங்கே கூட்டமைப்புச் சிப்பாய்கள் சுமார் 18,000 பேர் கிடக்கிறார்கள். நடுவில் 90 அடி உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கி ஒரு பிரமிடு. ஒரு தடவை அவரோடு நானும் போனேன். அவர் குனிந்து கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை விரலால் தட்டிவிட்டார். அந்தப் பையனுக்காக அவர் வருத்தப்படுவதில் எந்தப் பொய்யும் இல்லை. அந்தக் கல்லறையை எடுக்கச் சொல்லி நான் பழகிய கறுப்பினத்தவர் ஒருவர்கூடக் கேட்டு நான் கேட்டதில்லை. நடுத்தெருச் சிலை வேறு, கல்லறை வேறு என்று எல்லாருக்கும் தெரிகிறது.

அவர் ஏழாம் வகுப்பில் படித்த வர்ஜீனியா வரலாற்றுப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறார். 1957-ல் மாநிலமே எழுத ஏற்பாடு செய்து, 1970-கள் வரை பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகம். அடிமைகளைப் பற்றிய பாடத்தில் ஒரு வண்ணப் படம். கப்பல் தளத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்து நிற்கிறது. அப்பா கோட்டு போட்டிருக்கிறார், அம்மா நல்ல கவுன், பிள்ளைகளும் சுத்தமான உடுப்பில். ஒரு வெள்ளைக்கார முதலாளி சிரித்த முகத்தோடு அந்த அப்பாவுக்குக் கை கொடுக்கிறார். இப்படித்தான் அடிமைகள் வந்து இறங்கினார்களாம். பன்னிரண்டு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய், உங்களுக்கு ஏன் இது புரியவில்லை என்று எப்படிக் கேட்பது? அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பாடம் எடுத்த ஒரு மாநிலமே பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் புத்தகத்தை எனக்குக் காட்டியபோது அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாங்கள் இதை நம்பினோம்" என்று மட்டும் சொன்னார்.

இனி என் தோழியைப் பற்றி. பதினைந்து வருடமாக என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கறுப்பினத்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய பாட்டியின் பாட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் பிராட் தெருவில் இருக்கும் வர்ஜீனியா நூலகத்துக்குப் போவார். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார். எண்கள் நிறைய இருக்கின்றன, உனக்குப் பழக்கமான வேலைதான் என்றார்.

1870-ம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பாட்டி இருக்கிறார். பெயர் இருக்கிறது, வயது 22, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது. அடிமையாக இருந்தவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்குப் பத்து வருடம் பின்னால் போனால் 1860. அப்போது 22 வயது 12 ஆகிறது. ஆனால் 1860-ல் அடிமைகளுக்குத் தனி ஏடு. அந்தப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

நான் பார்க்காத பேரேடு இல்லை. இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. முதல் கட்டத்தில் அடிமை உடைமையாளரின் பெயர், அழகான சாய்வெழுத்தில். அடுத்த கட்டங்களில் எண்ணிக்கை, வயது, ஆணா பெண்ணா, நிறம். அதற்கப்புறம் தப்பி ஓடியவர் எத்தனை, விடுவிக்கப்பட்டவர் எத்தனை, காது கேளாதவர், பார்வையில்லாதவர் என்று கட்டங்கள். கடைசியில் அடிமைக் குடிசைகள் எத்தனை. அடிமையின் பெயருக்கு மட்டும் கட்டமே இல்லை. ஒருவர் கீழ் ஒருவராக வயது இறங்கிக்கொண்டே வருகிறது, 40, 35, 30, 19. என் தோழியின் குடும்பப் பெயரையே கொண்ட உடைமையாளர் ஒருவரின் கீழே 12 என்று இரண்டு வரிகள். இரண்டுமே பெண், இரண்டுமே கறுப்பு. அவர் ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார், பிறகு இரண்டாவது வரிக்கு நகர்த்தினார். மறுபடி முதல் வரிக்கு. "இதில் ஒருத்தி" என்றார். விரலை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

அந்த வருடக் கணக்கின்படி நாடு முழுக்க இப்படிக் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். இறந்த முதலாளிகளின் சொத்துப் பட்டியல்களிலும் இவர்கள் வருவார்கள், குதிரைக்கும் ஏருக்கும் நடுவில், பக்கத்தில் டாலரில் விலையோடு. அங்கே பெயர் இருக்கும், ஏனென்றால் எந்தச் சொத்து யாருக்குப் போகிறது என்று தெரிய வேண்டுமே. அரசாங்கம் கொடுத்த நஷ்டஈட்டைப் பற்றியும் தோழிதான் எனக்குச் சொன்னார். 1862-ல் வாஷிங்டன் நகரத்தில் அடிமைகளை விடுவித்தபோது ஆளுக்கு 300 டாலர் வரை கொடுத்தார்கள். வாங்கியது உடைமையாளர்கள். விடுதலையானவர்களுக்கு 1865-ல் தெற்குக் கடலோரத்தில் நாற்பது ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஆணை போட்டார். அந்த வருடமே புதிய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பற்றும் வரவும் இப்படி இருக்கும் கணக்கை முடிந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட முடியுமா, சொல்லுங்கள்.

நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. என் அம்மாவைக் கண்டவர்கள் தகவல் தரவும், ரிச்மண்டில் விற்கப்பட்டபோது பிரிந்தோம் என்கிற மாதிரி. சில வரி விளம்பரங்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அப்படிப்பட்ட விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. இதைப் படித்த பிறகு, பழசைக் கிளறாதீர்கள் என்று அவர்களின் பேத்தியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

160 வருடம் என்பது காகிதத்தில்தான் நீளம். அந்தப் போருக்கான ஓய்வூதியத்தை அமெரிக்க அரசு எப்போது வரை கொடுத்தது தெரியுமா? 2020 வரை. ஐரீன் ட்ரிப்லெட் என்கிற மூதாட்டி, மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா முதலில் தெற்குப் படையில் இருந்து, பிறகு ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்தவர். வயதான காலத்தில் பிறந்த மகள். அந்த மகள் 2020 மே கடைசியில் இறந்தார். சரியாக அந்த வாரத்தில்தான் மான்யுமென்ட் அவென்யூவில் சிலைகளை எதிர்த்துக் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது.

இதே வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்க வைக்கச் சொன்ன தீர்ப்பை ஏற்காமல் 1959-லிருந்து 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தார்கள். ஐந்து வருடம். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாமல் போன பிள்ளைகளுக்கு இன்று எழுபது வயது சொச்சம். அவர்கள் வரலாறு இல்லை, வங்கியில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்கள்.

நான் வந்தபோது இங்கே ஜனவரி மாதத்தில் இரண்டு விடுமுறை அடுத்தடுத்து வரும். வெள்ளிக்கிழமை லீ, ஜாக்சன் நினைவாக. திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவாக. அதற்கு முன்னால், 1984-லிருந்து 2000 வரை, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நாள். லீ-ஜாக்சன்-கிங் தினம் என்றே பெயர். என் தோழி அந்த நாட்காட்டியோடு வேலைக்குப் போனவர். அந்த வெள்ளிக்கிழமையை மாநிலம் எடுத்தது 2020-ல்தான்.

சமாதானம் ஆகவே இல்லையா என்றால், ஆனது. இதே போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையின் ஐம்பதாவது வருடம், 1913 ஜூலையில், இரண்டு பக்கத்துப் பழைய சிப்பாய்கள் 50,000 பேருக்கு மேல் அதே மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் சுட்ட கல்சுவரின் இரண்டு புறமும் நின்று கிழவர்கள் கைகுலுக்கும் புகைப்படம் இருக்கிறது. பார்த்தால் கண் கலங்கும், எனக்கும் கலங்கியது. வர்ஜீனியாவில் பிறந்த ஜனாதிபதி உட்ரோ வில்சன் வந்து, சண்டையை மறந்தோம் என்று பேசினார். வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்களே, அவர்களுக்கு அந்தக் கூடாரங்களில் கிட்டத்தட்ட இடமே இல்லை. அதே வருடம் வில்சனின் அரசு வாஷிங்டன் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டார்கள், மூன்றாமவர் வெளியே நின்றார். இன்று நாம் பார்ப்பது புதிய சண்டை இல்லை. அந்த மூன்றாமவரின் பேரப்பிள்ளைகள் உள்ளே வந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது சண்டை மாதிரி கேட்கிறது.

உங்கள் வாசகர், இதில் நமக்கு என்ன என்றும் கேட்டிருந்தார். நமக்கு இதில் நிறைய இருக்கிறது. என் மகள் 2005-ல் இந்த ஊரில் பிறந்தாள். அப்போது அவள் அப்பாவுக்கு எச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்த விசா. எங்களிடம் பச்சை அட்டை கிடையாது. ஆனால் பிறந்த நிமிடத்திலேயே மகள் அமெரிக்கக் குடிமகள். எதனால்? 1868-ன் பதினான்காவது திருத்தத்தால். கறுப்பினத்தவர் எந்நாளும் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தூக்கி எறிய, போர் முடிந்த மூன்றாவது வருடம் சட்டமாக்கியது அது. இங்கே பிறந்தவர் இந்நாட்டவர். அந்த வரிக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களில் ரிச்மண்டுக்கு வெளியே நியூ மார்க்கெட் ஹைட்ஸில் 1864 செப்டம்பர் 29-ல் செத்த கறுப்பினச் சிப்பாய்களும் உண்டு. அந்த ஒரு காலைச் சண்டைக்காகக் கறுப்பினச் சிப்பாய்கள் 14 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

2025 ஜனவரி 20-ம் தேதி ஜனாதிபதி டிரம்பிடமிருந்து ஒரு ஆணை வந்தது. அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பாவும் குடிமகனோ பச்சை அட்டைக்காரரோ இல்லையென்றால், பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று. நீதிமன்றங்கள் தடை போட்டன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் பேச்சு வேறு எதுவும் இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, நம்ம புள்ளைங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். அவளிடம் நான் சொல்ல முடிந்ததெல்லாம் இந்தப் போரைப் பற்றித்தான். நான் வேறெங்கிருந்தோ வந்தவள், இது அவர்களுக்குள் இருக்கும் பழைய தகராறு என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகளின் பாஸ்போர்ட்டே அந்தத் தகராறின் தீர்ப்பில்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சரிசெய்ய வேண்டும். இடிப்பவர்கள்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது போல அந்தக் கடிதத்தில் ஒரு தொனி இருந்தது. வர்ஜீனியாவின் ஷெனந்தோவா மாவட்டத்தில் ஜாக்சன், லீ பெயர்களை இரண்டு பள்ளிகளிலிருந்து 2020-ல் எடுத்தார்கள், 2024-ல் பள்ளி வாரியம் ஓட்டெடுத்துத் திரும்ப வைத்துவிட்டது. எங்கள் ஊருக்குத் தெற்கே பீட்டர்ஸ்பர்க் அருகில் இருக்கும் ராணுவ முகாம், லீ பெயரில் இருந்தது. 2023-ல் இரண்டு கறுப்பின ராணுவ அதிகாரிகளின் பெயரால் கிரெக்-ஆடம்ஸ் முகாம் ஆனது. 2025-ல் மறுபடி லீ முகாம். இந்த லீ வேறு லீ, பதக்கம் வாங்கிய ஒரு கறுப்பினச் சிப்பாய் என்று அறிவித்தார்கள். நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணில் படுவது பழைய பெயர்தான்.

2021 செப்டம்பர் 8-ம் தேதி காலையில் நான் அங்கே நின்றேன். கிரேன் லீயைக் குதிரையோடு தூக்கியபோது, 12 டன் வெண்கலம் கொஞ்ச நேரம் அந்தரத்தில் லேசாகச் சுற்றியது. வேலையை எடுத்துச் செய்தது கறுப்பினத்தவர் ஒருவரின் ஒப்பந்த நிறுவனம். 1890-ல் இந்தச் சிலை வந்தபோதே, ரிச்மண்ட் பிளானட் பத்திரிகையின் ஆசிரியரும் நகரமன்ற உறுப்பினருமான ஜான் மிட்செல், இதை நிறுத்தியது கறுப்பினத் தொழிலாளிதான், காலம் வந்தால் இறக்கவும் அவனே வந்து நிற்பான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். என் தோழி கூட்டத்தில் கைதட்டவில்லை. கிரேனைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற வயதான ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். "இறக்கிட்டாங்களா? பாவம், குதிரை நல்லா இருந்துச்சு" என்றார். அப்புறம், "அந்தப் பொண்ணு பாட்டியைத் தேடிட்டு இருந்தாளே, கெடச்சாங்களா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை. 1866 பிப்ரவரியில், விடுதலையான தம்பதிகளைக் கணவன் மனைவியாகப் பதிவு செய்த ஏடுகள் வர்ஜீனியாவில் சில மாவட்டங்களுக்கு மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதில் பெயர், வயது, பிறந்த இடம், கடைசியாக யாருக்கு அடிமையாக இருந்தார் என்பதெல்லாம் இருக்கும். தோழியின் மாவட்டத்து ஏடு இருக்கிறது என்று நூலகர் சொல்லியிருக்கிறார். அந்த 12 வயதுப் பெண்ணுக்கு அப்போது 18 ஆகியிருக்கும், கல்யாணம் ஆகியிருந்தால் பெயர் வந்திருக்கலாம். இந்தச் சனிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் போகிறோம். கையெழுத்து படிக்கக் கஷ்டமாக இருக்கும், நீயும் வா என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ரிச்மண்ட், வர்ஜீனியா